காற்றுக்குப் பழகிய கை

எங்கள் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால், பள்ளிக்கூட மைதானத்தின் மதிலுக்கு மேலே ஓர் இரும்பு வளையமும் அதைப் பொருத்தியிருந்த பலகையும் மட்டும் தெரியும். ஆடுகிறவர்கள் தெரியமாட்டார்கள். பந்து எங்கிருந்தோ எழும்பி வரும், வளையத்துக்குள் இறங்கும், இல்லாவிட்டால் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த கடைசி வருடங்கள் அவை. பெரியவளாகிவிட்ட பெண் மைதானத்துக்குப் போய் நிற்க முடியாது என்பதால் எனக்கு அந்த ஜன்னல்தான். ஆனாலும் பந்து வருகிற விதத்தைப் பார்த்தே, போட்டது என் நானாவா வேறு யாராவதா என்று சொல்லிவிடுவேன். அண்ணனை எங்கள் வீடுகளில் நானா என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்கள் போட்ட பந்து அவசர அவசரமாக வரும். நானா போட்டது நிதானமாக எழும்பி, கடல்பக்கம் கொஞ்சம் விலகிப் போய், மனசு மாறியதுபோல் திரும்பி வந்து வளையத்துக்குள் விழும்.

இப்போது என் பேரன் கூடைப்பந்து ஆடுகிறான். கூரை போட்ட அரங்கம், பளபளவென்று மரத்தரை. வீட்டில் எந்நேரமும் ஒரே பேச்சு: உயரம் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது, குறிதான் இன்றைக்கு நின்றால் நாளைக்கு நிற்பதில்லை, இந்த வயதில் இப்படி இருக்கிற பையனுக்குப் பிற்பாடு கை நிற்குமா? விடாமல் பழகினால் நின்றுவிடும் என்கிறான் என் மகன். எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. பழகிப் பழகியே கெட்டுப்போன ஒரு கையை அவன் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியாமல், மாடியில் நின்றுகொண்டு.

வாப்பாவுக்கு மகன் பந்து ஆடுவது பிடிக்காது. சைகோனில் மாமாவுக்குத் துணிக்கடை இருந்தது. அங்கே ஆள் இல்லாமல் மாமா தவிக்கிறார், நானா கப்பல் ஏற வேண்டும் என்பது வாப்பாவின் முடிவு. அந்த ஊரில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. "குண்டு போடுற ஊருக்கா எம்புள்ளய அனுப்புறிய?" என்று உம்மா சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் அழுவார். அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரெஞ்சுப் படிப்புப் படித்த உள்ளூர்க்காரர். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, ஊருக்கே அவர் முசே. பாண்டிச்சேரி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுத்துக்கொண்டால் அரசாங்க உத்தியோகம் நிச்சயம் என்றார். "இவனாட்டம் ஓடுறவன் நாலு பேர் கிடைப்பான், தூரத்துல நின்னு தப்பாம போடுறவன் கிடைக்க மாட்டான்" என்று சொன்னார். வாப்பா, "எடுத்தா இங்கேயே இருக்கட்டும். எடுக்கலன்னா வாயத் தொறக்காம கப்பல் ஏறணும்" என்றார்.

பாண்டிச்சேரியில் நானா போட்ட ஒன்றுகூட விழவில்லை. நான்கு பக்கமும் உயரமான சுவர்கள் சூழ்ந்த ஆட்டக்களம் அது. பந்தெல்லாம் வளையத்தை ஒட்டி ஒரே பக்கமாகப் போய் விழுந்ததாம். பயம் என்றார்கள், சின்ன ஊர்ப் பிள்ளை என்றார்கள். திரும்பி வருகிற வழியில் காரைக்கால் எல்லையில், பூவத்தில், சுங்கச் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். இறங்கி நின்ற நானாவின் தோள் துண்டைக் கடல்காற்று பறித்துக்கொண்டு போக, அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சாயங்காலமானால் எங்கள் மைதானத்தில் கிழக்கேயிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். சின்ன வயதிலிருந்து அந்தக் காற்றுக்குத் தக்கபடி கடல்பக்கம் தள்ளித் தள்ளித்தான் போட்டிருக்கிறார். நேராகப் போடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முசேயும் அப்படித்தான் நினைத்திருந்தார். காற்றிலேயே பிறந்து வளர்ந்த ஊரில் காற்றைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

முசே பாண்டிச்சேரிக்கு நடையாய் நடந்து இன்னொரு வாய்ப்புக் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். வாப்பாவும் அதுவரை பொறுக்கச் சம்மதித்தார். நானா விடியற்காலைத் தொழுகை முடிந்த கையோடு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். இலை அசையாத நேரம் அது. சாயங்காலம் மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். மாதக்கணக்கில் அப்படிப் பழகினார். முதலில் எல்லாம் தவறியது, பிறகு பாதி விழுந்தது, கடைசியில் மறுபடி தப்பாமல் விழுந்தது. பந்து இப்போது கோடு கிழித்ததுபோல் நேராக வந்தது. எனக்குப் பார்க்க சந்தோஷமாக இருந்தது. உம்மா நாகூருக்கு நேர்ந்துகொண்டார்.

பிறகுதான் செய்தி வந்தது. பாண்டிச்சேரி அணி காரைக்காலுக்கே வந்து ஓர் ஆட்டம் ஆடப்போகிறது, நானாவை அதிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்று. எங்கள் மைதானத்தில், சாயங்காலத்தில். முசே பதறிப்போய்க் காலையில் வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினார். ஆள் எடுக்கிற துரைமார் வெயில் தணிந்துதான் வருவார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு நானும் உம்மாவும் ஜன்னலில் நின்றோம். வாப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக மைதானத்துக்குப் போயிருந்தார். காற்று எப்போதும்போல் அடித்தது. நானாவின் பந்து நேராக எழும்பி வந்தது, காற்று அதை அப்படியே ஊர்ப்பக்கம் தள்ளிவிட்டது. அடுத்ததும் அப்படியே. தள்ளிப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நடுவில் சில பந்துகள் கடல்பக்கம் வெகுதூரம் விலகிப் போயின. மனசு ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்தது. "கடலுப்பக்கம் போடுங்க நானா, கொஞ்சமா!" என்று நான் கத்தினேன். அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேட்கும்? உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து பாண்டிச்சேரிக்காரர்களின் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் மதிலுக்கு மேலே பந்து எழும்பிக்கொண்டே இருந்தது. வந்தது, ஊர்ப்பக்கம் சரிந்தது, மறுபடி வந்தது. பொழுது இறங்கி மஃரிப் தொழுகைக்கு பாங்கு சொல்லும்வரை அப்படியே. மனசு ஆறாமல் முசேதான் போடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

கப்பலுக்குக் கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே நானா என்னிடம் சொன்னார்: "அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சப்பவே முசே தலயக் குனிஞ்சுட்டுப் போயிட்டாரு புள்ள. வாப்பாதான் ஓடி ஓடிப் பந்தப் பொறுக்கியாந்து எங்கையில குடுத்தாஹ. இனி எதுக்கு வாப்பா, அவங்கதான் போயிட்டாங்களேன்னேன். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு போடு மவனே, நீ போட்டு விழுந்து நான் பாத்ததே இல்லயே'ன்னாஹ."