கோட்டை மலையில் சஷ்டி விரதம்

பிரான்சில், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே மலை உச்சியில் இருக்கும் இடிந்த கோட்டைக்கு இன்று காலை ஏறிவிட்டேன். வீடியோக்களில் பார்த்துப் பார்த்தே மனப்பாடமான கோபுரம். இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தேன்.

வாசலில் ஒரு தோட்டக்காரர் புது வைன் ஊற்றிக் கொடுத்தார்.

இது கந்த சஷ்டி. அக்காவுக்குப் பிரசவம் நல்லபடி நடக்க, பாலும் பழமும் மட்டும் என்று நானும் அம்மாவும் விரதம்.

திராட்சையும் பழம்தானே என்று வாங்கிப் பாதி குடித்துவிட்டேன்.

அப்போது பார்த்து நியூசிலாந்தில் மனுரேவாவிலிருந்து அம்மாவின் வீடியோ கோல்.

“பின்னால என்ன பிள்ளை, கோயிலோ?”

“இல்லையம்மா, இடிஞ்ச கோட்டை.”

“மலை எண்டா முருகன் நிப்பார். வடிவாக் காட்டு, கும்பிடுவம்.”

ஒரு கையால் ஃபோனைத் திருப்பினேன். மற்றக் கையில் கிளாஸ். அம்மா கோபுரத்தைக் கும்பிட்டார்.

“அக்காவின்ர ஸ்கேன் நல்லா வந்திருக்கு. நீயும் விரதம் பிடிக்கிறபடியாத்தான்.”

“ஓம் அம்மா.”

மிச்சத்தைக் குடிக்க முடியவில்லை. கீழே ஊற்றவும் முடியவில்லை, அம்மா கும்பிட்ட மலை. கிளாஸோடு நிற்கிறேன், ஒரு வழி சொல்லுங்கள்.

இந்தப் பதிவில் அக்காவை டேக் பண்ணுகிறவர்களுக்கு உடனே பிளொக்.