வழி மட்டும் இல்லாத பத்திரம்

அன்று நாகர்கோவிலில் பத்திரம் எழுதும் அந்த அறையில் இருந்தது மூன்று பேர்: எழுத்தர் அண்ணாச்சி, அவரிடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்த நான், தோவாளையிலிருந்து பஸ் ஏறி வந்த என் அப்பா. இல்லாதவர், எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த அக்கா. அங்கே எழுதிய பத்திரங்களின் பழைய நகல் நோட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்றியவர் அவர்தான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போன் அணைந்து கிடந்தது. நோட்டுகளோ, அவர் அடித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன.

எங்கள் பிச்சிப்பூத் தோட்டத்துக்குப் போகும் ஒரே வழியின் குறுக்கே, பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கியவர் கல்தூண் நட்டிருந்தார். வழி உங்களுடையது என்றால் திங்கட்கிழமைக்குள் காகிதத்தைக் காட்டுங்கள், இல்லையென்றால் விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். இதே அறையில் எழுதிய தாத்தா காலத்துப் பத்திரம் வீட்டில் இல்லை. அதன் எண்ணும் வருடமும் தெரிந்தால் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கிவிடலாம். அன்று வியாழன்.

பெயர், எல்லை, அடையாளம் எல்லாவற்றையும் 'விவரம்' என்ற ஒரே கட்டத்தில் அக்கா அடித்திருந்தார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லையை மனப்பாடமாகச் சொன்னார்: "கிழக்க ஓடை, மேக்க கெணறு, தெக்க புளி, வடக்க நடவழி."

நான்கையும் சேர்த்து அடித்தேன். ஒன்றும் வரவில்லை. அப்படி அடித்தால் சொற்கள் அதே வரிசையில் ஒட்டி நின்றால்தான் கிடைக்கும் என்று பிறகுதான் உறைத்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுத்து, எல்லாம் இருக்க வேண்டும் என்று கேட்டேன். பூஜ்யம். ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றேன். ஆயிரத்துக்கும் மேல் வந்து கொட்டியது. நாஞ்சில் நாட்டில் எந்த நிலத்துக்குத்தான் ஒரு பக்கம் ஓடை இல்லை? தாத்தாவின் பெயரைப் போட்டாலோ பாதி தோவாளை வந்து நின்றது.

"ஏலே, மிஷினு என்னதான் சொல்லுகு?" என்றார் அண்ணாச்சி.

"இல்லன்னு சொல்லுகு அண்ணாச்சி."

"அது சொல்லுகா, நீ சொல்லுகியா?"

அப்பா மெதுவாகக் கேட்டார். "மக்கா, வழியை விட்டுட்டு மத்ததைக் கேட்டுப் பாரேன்."

கேட்டேன். ஏழு வந்தன. வாசித்துக் காட்டினேன். மூன்றாவதில் அப்பா கையைத் தூக்கினார். "இதுதாம்லே. எங்கப்பா பேரு, ஓடை, கெணறு, புளி. நம்ம இடம்லா."

"வழி இல்லியேப்பா இதுல. இதைக் கொண்டு காட்டினா அவருக்கில்லா சாதகமாப் போகும்? எல்லாச் சொல்லும் இருந்தாத்தான் நம்ம பத்திரம்."

"சரி மக்கா. படிச்சவன் நீ."

வெள்ளியும் சனியும் அந்த ஆயிரத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். கண் எரிந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் போடலாம் போலிருந்தது. தோட்டத்தில் பறிக்காத பூ செடியிலேயே பழுத்தது. திங்களன்று அப்பா வழியை விலைக்கு வாங்கிப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். அந்தப் பத்திரத்தை அடித்தவனும் நான்தான்.

புதன்கிழமை அக்கா கூப்பிட்டார். "ஆம்பளப் பிள்ளைலே. நீ எதுக்கு இருவது தடவை கூப்பிட்டிருக்க?"

சொன்னேன்.

"ஐயோ, அந்தக் கட்டத்துல எரநூத்தம்பது எழுத்துக்கு மேல ஏறாதுலா. மீதியை அடுத்த வரிசையில அடிச்சு வச்சேன். எண் போடாம கெடக்கும், பாரு."

எண் இல்லாத வரிசைகள் கெட்டுப்போனவை என்று, வேலைக்குச் சேர்ந்த வாரமே அவற்றைத் தேடலிலிருந்து ஒதுக்கியிருந்தேன். சுத்தமாக வேலை பார்க்கிறான் என்று அண்ணாச்சி டீ வாங்கித் தந்தார். இப்போது திறந்தேன். அப்பா கை தூக்கிய அந்த மூன்றாவதின் கீழேயே கிடந்தது: 'வடக்கே மூன்று கோல் அகலத்தில் நடவழி, தலைமுறைக்கும் நடந்துகொள்ளும் உரிமையுடன்.'

வீட்டில் சொன்னேன். "கைநாட்டு வச்சாச்சுல்லா," என்று அப்பா பூக்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழிக்குத் தொண்ணூறாயிரம். முத்திரைக்கும் பதிவுக்கும் எட்டாயிரத்து நூறு. ஆகத் தொண்ணூற்றெட்டாயிரத்து நூறு ரூபாய்.