அமைச்சரை இடைமறித்த குன்வோர்

பெர்கன் நகரில் எங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தைக் குன்வோர் ஹெல்லேதான் நெடுங்காலம் எழுதினார். விசைப்பலகையை அவர் குத்துகிற குத்திலேயே, ஏதோ ஓர் அரசு வாங்கிக் கட்டிக்கொள்கிறது என்று பக்கத்து மேசையில் எனக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய கல்லூரித் தோழர் ஐவின் வெளியுறவு அமைச்சரானதும் நேரே எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்.

"வெளிய நின்னு திட்டுறது சுலபம், குன்வோர். உள்ள வா. நீ சொல்றத நான் கேக்கறேன்."

"கேக்கலைன்னா?"

"அப்ப என்னையும் திட்டு."

தலைநகர் ஆஸ்லோவுக்குப் போய் அவருக்கு ஆலோசகரானார் குன்வோர். இவர் எழுதிய உரைகளுக்கு ஐவின் கைதட்டல் வாங்கினார். பிறகு, எங்கள் மேற்குக் கடற்கரையின் கப்பல் கட்டும் தளம் ஒன்று வெளிநாட்டுச் சர்வாதிகாரி ஒருவருக்கு ரோந்துப் படகுகள் விற்க அனுமதி கேட்டது. கடற்கொள்ளையரைப் பிடிக்கவாம்.

குன்வோர் அமைச்சரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்த ஆளு சொந்த ஜனத்தத்தான் சுடுவான். கையெழுத்துப் போடாத."

ஐவின் தலையாட்டினார். தேர்தல் நெருங்கியதும் கையெழுத்துப் போட்டார். கப்பல் தளத்து ஊரின் வாக்கு அவருக்கு வேண்டியிருந்தது. குன்வோர் அன்றே விலகியிருக்கலாம். உள்ளே இருந்தால் அடுத்ததையாவது தடுக்கலாம் என்று தங்கிவிட்டார்.

மறு கோடையில், அந்தச் சர்வாதிகாரியின் நாட்டில் துறைமுகத்தை மறித்துப் போராடிய மீனவர்களை அதே படகுகளிலிருந்து சுட்டுக் கொன்றார்கள். பத்திரிகையாளர் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஐவின் கண் கலங்கச் சொன்னார்:

"இப்படி நடக்கும்னு யாருமே எங்கள எச்சரிக்கல."

சுவரோரம் நின்ற குன்வோர் கத்தினார்: "பொய்! உன் மூஞ்சிக்கு நேரா நான் சொன்னேன்!"

கேமராக்கள் திரும்பின. மாலைக்குள் குன்வோரின் வேலை போயிற்று. அரசு ரகசியத்தை வெளியிட்டாராம். ரகசியம்! ஊரறியச் செத்துக் கிடந்தவர்களை வைத்துக்கொண்டு என்ன ரகசியம்?

குன்வோர் எங்கள் பத்திரிகை ஆசிரியர் தாரால்டிடம் வந்து பழைய இடத்தைக் கேட்டார்.

"நீ இப்ப அவங்க ஆளு. வாசகருங்க நம்பமாட்டாங்க."

"அவன் சொன்ன பொய்ய முதல் பக்கத்துல போட்டீங்களே, அத மட்டும் நம்புவாங்களா?"

நானும் எழுந்து சண்டை போட்டேன். நடக்கவில்லை.

இப்போது குன்வோர் எங்களூர் மீனவர் சங்கத்து வார இதழில் எழுதுகிறார். ஐவின் மறுபடியும் ஜெயித்துவிட்டார். போன வாரம் மீன் சந்தையில் எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னுமா கோபம்? வா, காபி குடிக்கலாம்."

"செத்தவங்க வீட்டுக்கு மொதல்ல போ. அங்க காபி குடுக்கறாங்களான்னு பாரு."

வாங்கிய இறாலைப் பையில் போட்டுக்கொண்டு குன்வோர் விறுவிறுவென்று டிராமுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.