ஓபரா புத்தகத்துக்கு வைத்த பொட்டு

நூலகத்தின் மேல்மாடியில், பழைய ஓபரா தொகுப்பு இருக்கும் குளிரறையில் வேலை பார்க்கிறேன். இசைக்குறிப்பு ஏடுகளும், மேடையில் பாடும் வரிகளை அச்சிட்ட சிறு புத்தகங்களும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான்; அவற்றில் ஒரு வரியும் புரியாது. எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன், தூரிகையால் தூசு தட்டுவேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. கீழே முகப்பில் உட்காரச் சொன்னால் எனக்கு நாக்கு எழாது.

சரஸ்வதி பூசையன்று காலை, பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மிச்சக் குங்குமம் சட்டைப்பையில் இருந்தது. இத்தனை புத்தகங்களில் ஒன்றுக்காவது வைக்காமலிருக்க மனம் கேட்கவில்லை. ஒரு சொட்டு நீரில் குழைத்து, ஆகப் பழைய புத்தகத்தின் அட்டை ஓரத்தில் கடுகளவு வைத்தேன்.

மறுநாள் பார்த்தால், குங்குமத்தின் சிவப்பு, அட்டையைத் தாண்டி முதல் பக்கத்துக்கு இறங்கியிருந்தது. அதே புத்தகத்தைப் பார்க்க அடுத்த நாள் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறார். கைக்குட்டையை நனைத்துக் கிட்டே கொண்டுபோனேன், பயந்து எடுத்துவிட்டேன். குளிர்சாதனத்தின் மேல் பழி போடலாமா என்றுகூட நினைத்தேன்.

நாலு மணிக்கு அதிகாரியிடம் போனேன். என்னைவிடச் சின்னவர்.

"மிஸ், அந்தப் புக்குல கறை. நான்தான்."

"என்னாது அண்ணே இது? குங்குமமா?"

"பூசைக்கு..."

"ஐயோ! பொட்டு வைக்க இது என்ன நீங்க ஓட்டுற கெரெத்தாவா? எங்கம்மாகூட வீட்டு பிரிட்ஜுக்கு வச்சதோட நிறுத்திக்குவாங்க!" சொன்னவர் சிரிக்கவில்லை. "தொடச்சீங்களா?"

"இல்ல மிஸ்."

"நல்ல வேள. பேப்பரே கையோட வந்திருக்கும். நாளைக்கு வர்றவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

"என்னையக் கீழ மாத்திடுவீங்களா?"

"அத மேலிடத்துலதான் பேசணும்."

மறுநாள் காலை, அக்கரையில் என் வீடு இருக்கும் பாகான் டாலாமிலிருந்து வரும்போது, பெர்ரிப் படகில் மலாயில் நாலு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். ஆய்வாளர் முன்னால் இரண்டுதான் வந்தன. அவர் வருத்தத்தோடு கறையை அளந்தார். குங்குமம் எதில் செய்வது என்று கேட்டார். மஞ்சள், சுண்ணாம்பு என்றேன். பென்சிலால் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் முடிவு வந்தது. அறையில் இருக்கலாம்; ஆனால் இனிமேல் எந்தப் பெட்டியையும் தனியாகத் திறக்கக் கூடாது, கீழேயிருந்து ஒருவரைக் கூப்பிட வேண்டும். முதல் நாள் முகப்பில் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினேன். யாரும் நிமிரவில்லை. மூன்றாவது முறை வாயைத் திறந்து கூப்பிட்டேன்.