பரவால்லீங்க

மாமாவின் பெல்ட்டில் செல்போன் அளவுக்கு ஒரு பெட்டி தொங்கியது. அதிலிருந்து கிளம்பிய இரண்டு மெல்லிய கம்பிகள் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்குள் போய் மறைந்தன. மாமா என் அக்காவின் கணவர், லாரி ஓட்டியவர். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் லோடு மேலிருந்து விழுந்தார். முதுகில் ஆபரேஷன் செய்தும் இடது காலில் எரிச்சல் நிற்கவில்லை. தண்டுவடத்தை ஒட்டிக் கம்பி வைத்து லேசாக மின்சாரம் கொடுத்தால் வலி மட்டுப்படலாம் என்றார் திண்டிவனத்து டாக்டர். ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது. வலி பாதியாவது குறைந்தால் பேட்டரியை உடம்புக்குள்ளேயே பொருத்திவிடுவார்கள். இல்லையென்றால் கம்பியை உருவிவிடுவார்கள். விழுப்புரம் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் தொட்டால் ஷாக் அடிக்குமா என்று விசாரித்துவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனார்கள்.

மாமாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். குழம்பில் உப்பில்லையா, பரவால்ல. பஸ்ஸில் எவனாவது காலை மிதித்தானா, பரவால்ல. முன்னைக்கு இப்போது தேவலை என்பதற்கும் அந்தச் சொல்தான், என்னை விட்டுவிடுங்கள் என்பதற்கும் அதேதான். மாமாவுக்கு இரண்டாவதுதான் பழக்கம்.

வாரம் முடிந்து திண்டிவனம் போனோம்.

"வலி எப்படிங்க இருக்கு?" என்றார் டாக்டர்.

"பரவால்லீங்க சார்."

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. பேட்டரியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விட்டிருந்தால் அப்படியே போய் ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பார். இத்தனை பேரை அலைய வைத்துவிட்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

"அவரு அப்டித்தான் சார் சொல்லுவாரு," என்றாள் அக்கா. "ராவெல்லாம் கால புடிச்சிக்கினு குந்திக்கினு இருக்காரு." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். அவளும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "எனக்கோசரம் சொல்லாத மாமா. கொறஞ்சிதா, இல்லியா?"

மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்டியேதான் இருக்குது. நீ இவ்ளோ அலஞ்சியேன்னுதான்..."

டாக்டர் கோபப்படவில்லை. பிளாஸ்திரியைப் பிரித்து இழுத்ததும் கம்பிகள் சுலபமாக வந்துவிட்டன. எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. ஸ்கேன் பையை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

இன்றைக்கும் அதே எரிச்சல், அதே மாத்திரை. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, எப்படி இருக்கீங்க மாமா என்றேன்.

"வலிக்குதுடா," என்றார்.

அக்கா எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அவர் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் அந்தக் காலை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.