ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில்

கனடாவிலிருக்கும் அண்ணா அக்கராயன் கிராமத்து வீட்டில் விட்டுப்போன மின்சாரக் காரின் பற்றறி பத்து மாதத்தில் செத்திருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். உடனேயே ஸ்டார்ட் ஆனது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வயல் சேறு காயாத காலோடு பக்கத்தில் நின்றா. ஒவ்வொரு வெள்ளியும் சார்ஜ் பார்த்து, ரயர் தட்டையாகாமல் காரை ஓரடி தள்ளியும் விடுவாவாம்.

“முழுக்க ஏத்தி வைச்சிருக்கலாமே, அக்கா?”

“ஐயோ, நிறைச்சு வைச்சாலும் பழுது, வத்தவிட்டாலும் பழுது. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவிலைதான் வைச்சிருந்தனான்.”

“ஒருக்காலும் காரை ஓடிப் பாக்கேல்லையோ?”

“எனக்கு ஓடத் தெரியாது, தம்பி.”

வற்புறுத்தி அவாவின் வீடுவரை ஏற்றிப்போனேன். காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஏறினா. வழியில் குளம் வந்தது, வயல் வந்தது. அவா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கண் முழுக்க எனக்கு முன்னால் எரிந்த சார்ஜ் இலக்கத்தில்தான்.

இறங்கும்போது கவலையோடு சொன்னா:

“நாப்பத்தொன்பதாப் போச்சுது, தம்பி. போன உடனை ஏத்துங்கோ.”