ரிக் வண்டியிலிருந்து எல்.கே.ஜி.க்கு

சின்னப் புள்ளைகளுக்குப் பாடம் எடுக்க முதல் தகுதி பொறுமைன்னு புஸ்தகத்துல போட்டிருக்கும். முதல் தகுதி சேலைன்னு யாரும் எழுதி வெக்கலீங்க, ஆனா எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும்.

கலர் பேப்பரும் கத்தரிக்கோலுமா அலைஞ்சு இந்த டீச்சர் படிப்பை முடிச்ச சகோதரிகளே, உங்க கஷ்டம் எனக்கும் தெரியும். நான் அதுக்கு முன்னாடி போர்வெல் போடற ரிக் வண்டியில டிரில்லர். சத்தீஸ்கர், ஒடிசான்னு போர் போட்டுட்டு, கைக்குழந்தையா விட்டுட்டுப் போன மகளைப் பாக்க வந்தா, அவ என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. சிநேகம் புடிக்கறதுக்காகத் தரையில உக்காந்து சொப்பு வெச்சு வெளையாட ஆரம்பிச்சேன். தெருப் புள்ளைகளும் வந்து சேந்துக்கிச்சு. எனக்கு அது புடிச்சுப் போச்சு. திருச்செங்கோட்டுல மழலையர் ஆசிரியர் பயிற்சி இருக்குதுன்னு என் சம்சாரம் செல்விதான் விசாரிச்சுட்டு வந்தா. ஒரு வருசப் படிப்பு. அது முடிஞ்சு ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வேலை கெடைக்கலீன்னா மறுபடி வண்டியேறிடோணும்னு எங்களுக்குள்ள பேச்சு.

சேர்க்கை

ஆபீஸ்ல இருந்த மேடம்கிட்ட என்னோட பிளஸ் டூ மார்க் சீட்டைக் குடுத்தேன். பொறுமையாப் படிச்சாங்க. பழனிச்சாமின்னு பேரையும் வாய்விட்டே படிச்சாங்க. அப்பறம் ரொம்ப அக்கறையாச் சொன்னாங்க:

"உங்க மார்க் சீட்டு எதுக்குங்க? படிக்கப்போறவங்களோடத எடுத்துட்டு வாங்க."

குரல்

கம்ப்ரசர் ஓடறப்ப பக்கத்துல நிக்கறவன்கிட்டத் தீப்பெட்டி கேக்கோணும்னாலும் தொண்டை கிழியக் கத்தோணும். பல வருசம் அப்படியே பேசிப் பேசி, மெதுவாப் பேசறதுன்னா என்னன்னே எனக்கு மறந்து போச்சு. பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. முயல்குட்டி தூங்குதுன்னு ரகசியம் மாதிரி சொல்லோணும். நான் ரகசியமாத்தான் சொன்னேன். முன்னால இருந்த புள்ளைக அழுதுச்சு. ஒண்ணு பையை மாட்டிக்கிட்டு ஊட்டுக்கே கெளம்பிருச்சு.

அதுக்கப்பறம் மத்தியானத்துல எம்மக தூங்கறப்ப பக்கத்துல உக்காந்து கதை சொல்லிப் பழகினேன். அவ முழிச்சுட்டா நான் பெயிலு. பாஸாகறதுக்கு ஒரு மாசம் ஆச்சு. அன்னிக்கு அழுத புள்ளைகளைத் தேத்திக்கிட்டே அந்தப் பள்ளிக்கூடத்து ஆயா சொன்னது மட்டும் இன்னும் காதுல இருக்குது:

"ஏனுங்க சார், முயலு தூங்குதுன்னு சொல்லிப்போட்டு நீங்களே எழுப்பிட்டீங்களே."

செய்முறைத் தேர்வு

தேர்வுக்குன்னு பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இருந்து புள்ளைகளைக் கூட்டியாந்து உக்கார வெப்பாங்க. காலையில இருந்து எல்லாரும் ஒரே கதையை, தொலைஞ்சுபோன பூனைக்குட்டி கதையைத்தான் சொல்லியிருக்காங்க. என் முறை வந்தப்ப, தேர்வாளரம்மா பேனாவத் தொறந்தாங்க. எனக்குக் கதை மொத்தமா மறந்து போச்சு. துணிப் பூனையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன்.

முன் வரிசையில ரெட்டைச்சடை போட்ட ஒரு பாப்பா கொஞ்ச நேரம் என்னையே பாத்துச்சு. அப்பறம் சலிச்சுக்காமச் சொல்லிக் குடுத்துச்சு:

"இப்பப் பூனையக் காட்டி 'இது யாரு?'ன்னு கேக்கோணும். நாங்க தெரியாத மாதிரி இருப்போம்."

வேலை தேடல்

சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணிக்கிட்டு வாழப்பாடி வரைக்கும் ஏறி எறங்கினேன். ஒரு பள்ளிக்கூடத்துல, பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னாங்க. இன்னொண்ணுல, பி.டி. மாஸ்டரா வாரீங்களான்னு கேட்டாங்க. ஜூனும் பொறந்துருச்சு. ரிக் ஓனர் போன் மேல போன் போட்டுக்கிட்டே இருந்தாரு.

ஒரு தாளாளர் மட்டும் சர்டிபிகேட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பாத்துட்டு, ஹெவி லைசென்ஸ் இருக்குதான்னு விசாரிச்சாரு. இருக்குதுங்கன்னேன். மனுசன் முகமே மலர்ந்து போச்சு.

"அப்ப நம்ம ஸ்கூல் வேனுக்கே வந்துருங்க. புள்ளைக அழுதா அந்தப் படிப்பும் ஒதவும்."

ஆட்சேபம்

கடைசியாப் பள்ளிபாளையத்துல ஒரு பள்ளிக்கூடத்துல எடுத்துக்கிட்டாங்க. ஒரே நிபந்தனை: பெத்தவங்கள்ல ஒருத்தர் ஆட்சேபம் சொன்னாலும் அன்னிக்கே நிறுத்திக்குவோம்னாங்க தாளாளரம்மா. புள்ளைகளுக்கு ஆட்சேபம் ஒண்ணுமில்லை. டீச்சர்னா மிஸ்ஸுதான்னு, என் மீசையைச் சட்டை பண்ணாம மிஸ்ஸுன்னே கூப்பிட்டாங்க. கவின்னு ஒருத்தன் மட்டும் முதல்ல விடாம அழுதான். அழுகை நின்னதும் என்னை அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டான். அவங்கப்பாவும் ரிக் வண்டியில மத்தியப் பிரதேசத்துல இருக்காருன்னு இந்தப் பள்ளிக்கூடத்து ஆயா சொல்லித் தெரிஞ்சுது. நான் அவனைத் திருத்தலை. நெசத்தச் சொன்னா, எனக்கு அது நல்லா இருந்துச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை கவினோட அம்மா வந்து ஆபீஸ்ல நின்னாங்க. என்னையும் கூப்பிட்டு விட்டாங்க. போச்சு, வேலை அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேதான் போனேன். இவரு மேல ஏதாச்சும் புகாராங்கன்னு தாளாளரம்மா கேட்டாங்க. அந்தம்மா என் முகத்தைப் பாக்கலை. சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க:

"சார் இருக்கட்டுங்க, பையன் இப்பத்தான் அழுகாம வாரான். அப்பான்னு கூப்பிடறத மட்டும் நிறுத்திக் குடுங்க. ஆயுத பூசைக்கு அவங்கப்பா வாராருங்க."

ஒரு வருசம் படிச்சு வாங்கின சர்டிபிகேட்டை வெச்சுக்கிட்டு நான் எடுத்ததுலயே கஷ்டமான பாடம், ஒரு பையனுக்கு என்னை மிஸ்ஸுன்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்ததுதானுங்க.